ஜெசிந்தா அக்காவும் எட்டுச் சித்தப்பாக்களும்

படம் கேட்டு வரும் அழைப்புகள் எங்கள் வேலையில் சாதாரணம். அன்று காலை பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆவடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தாஸ் அண்ணன் அழைத்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனைக் காதில் வைத்தேன்.

"பவானி, ஜெசி போட்டோ ஒண்ணு பெர்சா வோணும்மா. அந்த சிரிக்கிற போட்டோ, நான் எடுத்தது. எங்கிட்ட இப்ப இல்ல, உங்க சைட்லதான் கீது. பேனருக்கு."

"என்ன பேனருண்ணே? பர்த்டேவா?"

அவருக்குப் பின்னால் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"உனுக்கு இன்னும் யாரும் சொல்லலியா?" என்றார்.

ஜெசிந்தா அக்கா அன்று விடியும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். தாஸ் அண்ணன் போனை வைக்கவில்லை; "இருக்கியாம்மா" என்றும் கேட்கவில்லை. சும்மா மறுமுனையில் இருந்தார். பேருந்து இரண்டு நிறுத்தங்களைக் கடந்த பிறகு, "அனுப்புறேண்ணே" என்றேன். இறங்கி, நிழற்குடையின் ஓரமாக நின்று அனுப்பினேன். அந்தப் படம் எங்கே இருக்கிறது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. அனுப்பி முடித்த பிறகுதான் எதை அனுப்பினேன் என்பது உறைத்தது.

உங்களில் பலர் அந்தப் பேனரை ஆவடியில் அவர் வீட்டுத் தெருமுனையில் பார்த்திருப்பீர்கள். இரங்கல் பேனரில் பல் தெரிய வாய்விட்டுச் சிரிக்கும் ஒருவரைப் பார்ப்பது வழக்கமில்லை. வேறு படம் இல்லையா என்று சிலர் கேட்டார்களாம். "அவ வேற எப்டி இருப்பா?" என்று தாஸ் அண்ணன் திருப்பிக் கேட்டிருக்கிறார். ஸ்டுடியோக்காரர்களான நீங்கள் பெரும்பாலும் அக்காவைக் குரலாக மட்டுமே அறிந்தவர்கள். அந்தச் சிரிப்பு எங்கள் இயந்திரங்களுக்குள் எப்படிப் போனது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதைச் சொன்னால் அவரைச் சொன்னதாகிவிடும்.

எங்கள் நிறுவனம் சிறியது. கல்யாண ஸ்டுடியோக்கள் எடுக்கும் படங்களை ஓர் இணையதளத்தில் வைக்கிறோம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் போனில் பார்த்து, ஆல்பத்துக்கு வேண்டியதைக் குறித்துக் கொடுப்பார்கள். படங்கள் இருக்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர்: ஜெசிந்தா அக்கா, மதுரையிலிருந்து வந்து ஐயப்பன்தாங்கலில் குடியிருக்கும் கார்த்திக், நான். அக்காவுக்கு எங்களைவிட அனுபவம் அதிகம். ஆனால் மூன்று பேரும் ஒரே வரிசையில் ஒரே மாதிரி நாற்காலியில்தான் உட்கார்ந்தோம். "மேடம் கீடம்னு சொன்னீனா காது கேக்காது" என்றார் முதல் நாளே. பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. 'அக்கா'வில் இருவரும் சமாதானம் ஆனோம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது சொன்ன தேதிக்குப் பிந்தி. ஏன் தாமதம் என்று கேட்டார்.

"அப்பா சித்தப்பாங்ககிட்ட எல்லாம் கேட்டாரு."

"எத்தினி சித்தப்பா?"

"சொந்தம், ஒண்ணுவிட்டது எல்லாம் சேத்து எட்டு."

"எட்டு பேரும் இன்னா சொன்னாங்க?"

யோசித்துப் பார்த்தேன். "ஏழு பேர், எங்களுக்கு இன்னா தெரியும், நீயே பாத்துக்கோன்னாங்க. ஒருத்தர் மட்டும் பஸ்ஸு எதுன்னு கேட்டாரு."

அவர் சிரித்த சிரிப்பில் முதலாளியின் அறைக் கதவு திறந்து மூடியது.

அவர் என்னைக் கேலி செய்தார் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான்தான். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் வேலை. அப்பா திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். தெரியாத வழியில் ஒரு பெண்ணை அனுப்பும்போது நாலு பேரைக் கேட்பது எங்களுக்குக் கைப்பிடி மாதிரி. அதை அக்காவிடம் சொல்ல நினைத்தேன். வார்த்தை கூடி வருவதற்குச் சற்று நேரமானது. கல்லூரியிலும் நேர்முகத் தேர்விலும் அந்த இடைவெளியில் யாராவது என் வாக்கியத்தை அவர்களே முடித்துவிடுவார்கள். நானும் தலையாட்டிவிடுவேன். அக்கா முடிக்கவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும், "கரீட்டு" என்றார். அவ்வளவுதான்.

இது அவருடைய வழக்கம் என்று பின்னால் தெரிந்தது. "கேட்டா பதிலு வர்ற வரைக்கும் நிக்கணும். நிக்க முடிலன்னா கேக்கவே கூடாது" என்பார்.

நான் சேர்ந்த வருடம் எல்லாப் படங்களும் ஒரே பெரிய கணினியில் இருந்தன. முகூர்த்த நாளில் ஒரு பக்கம் ஸ்டுடியோக்கள் படம் ஏற்ற, மறுபக்கம் சொந்தக்காரர்கள் படம் பார்க்க, அந்த ஒற்றைக் கணினி திணறும். முதலாளி சலித்துப் போயிருந்தார். படங்களை மொத்தமாக வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிடுவது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். கொடுத்துவிட்டால் எங்கள் மூன்று பேருக்கும் அங்கே வேலை இல்லை.

அக்கா அவரிடம் போய், ஸ்டோர் ரூமில் சும்மா கிடக்கும் எட்டுக் கணினிகளைக் கேட்டார். அவற்றை ஒன்றாக இணைத்து 'பேரலல் ஃபைல் சிஸ்டம்' அமைக்கலாம் என்றார். அது என்னவென்று முதலாளி கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"சார், கல்யாண மண்டபத்துல பந்தி நடக்குது. ஒரே ஆளு சாம்பார் வாளி தூக்கிகினு ஓடுனா இன்னா ஆவும்? கடேசி எல சாப்புடறதுக்குள்ள மொத எல காஞ்சிடும். அதான் இப்ப நம்ம கதி. எட்டு பேரு பரிமாறட்டும். ஒரு பெரிய படத்த துண்டு துண்டா எட்டு பேர்கிட்ட குடுத்து வெச்சுடலாம், கேட்டா எட்டு பேரும் ஒரே நேரத்துல குடுப்பாங்க. வாசல்ல ஒருத்தர் நிப்பாரு. அவரு சோறு போட மாட்டாரு. எங்க எடம் கீதுன்னு மட்டும் கைய காட்டிட்டு நவுந்துக்குவாரு."

முதலாளி நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஆடி முழுக்க டைம் எடுத்துக்கோங்க. ஆவணி மொத முகூர்த்தத்துல படுத்துச்சுன்னா, வெளிய குடுத்துடறேன். அப்புறம் எங்கிட்ட வரக்கூடாது" என்றார்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஸ்டுடியோக்களும் நாங்களும் மூச்சு விடும் மாதம் அது. அந்த மாதத்தில் ஸ்டோர் ரூம் கணினிகளைத் தூசி தட்டி, துடைத்து, நினைவகம் மாற்றி, எட்டையும் இணைத்தோம். இடையில் ஒருநாள் தாஸ் அண்ணனின் புகாரை நேரில் கேட்க ஆவடிக்குப் போனோம். அவர் கேமராவைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இன்னா ஜெசி சைட்டு வெச்சிகினு கீறீங்க? உங்கிட்ட படம் தொறக்கறதுக்குள்ள பொண்ணு மாப்ளைக்கு கொயந்த பொறந்துடுது. அப்பால காதுகுத்து ஆல்பமும் சேத்துப் போட வேண்டிதுதான்."

அக்கா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். தாஸ் அண்ணன் கைப்பழக்கத்தில் கேமராவைத் தூக்கிச் சொடுக்கிவிட்டார்.

"அய்ய, பல்லு தெரிது, அழி!"

"போமே, இதான் நல்லா கீது."

சற்று யோசித்துவிட்டு, "சரி, கொறைக்காம பெர்சாவே அனுப்பு. புச்சு சிஸ்டத்துல மொதல்ல இதத்தான் ஏத்தப் போறேன்" என்றார் அக்கா.

அப்படித்தான் ஏற்றினார். எட்டுக் கணினிகளிலும் பரவி வைக்கப்பட்ட முதல் கோப்பு அந்தச் சிரிப்பு. தட்டியதும் திரை முழுக்க ஒரே வீச்சில் வந்து நின்றது. கார்த்திக் விசில் அடித்தார். ஆல்பத்துக்கான பெரிய படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம், எல்லாமே பறந்தன. "எல்லா ஃபைலுக்கும் எட்டு. ஒருத்தனும் சும்மா ஒக்காரக் கூடாது" என்று சொல்லி, அக்கா அமைப்பை முடித்தார். முதலாளி ஆளுக்கு ஒரு சமோசா வரவழைத்தார்.

ஆடியில் சோதித்துப் பார்ப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று அதில் இருந்தது. ஆடியில் படம் பார்க்கச் சொந்தக்காரர்கள் இல்லை. பெரிய படங்களைத் திறந்து பார்த்தவர்கள் நாங்கள் மட்டுமே. ஆவணி முதல் முகூர்த்தத்தன்று தாலி கட்டி முடிந்து, காலை டிபன் பந்தி கலைவதற்குள், ஆயிரம் பேர் போனைத் திறந்தார்கள். அவர்கள் யாரும் பெரிய படத்தைத் தொடவில்லை. கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் சின்னச் சின்னப் படங்களைத்தான் கேட்டார்கள். ஒரு பக்கத்துக்கே நூற்றுக்கணக்கில். அவை வரவில்லை. போன் திரையெங்கும் சாம்பல் நிறக் கட்டங்கள்.

மூன்று மேசைகளிலும் போன் ஒலித்தது. கார்த்திக் எதையெதையோ நிறுத்தித் திரும்ப இயக்கினார். முதலாளி எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மத்தியானம் வரைக்கும் பாப்பேன் ஜெசிந்தா. அதுக்கப்புறம் பழைய மெஷினுக்கே மாத்திடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். அவர்தான் வாக்குக் கொடுத்தவர். ஆஸ்பத்திரிச் சீட்டுகள் அவர் கைப்பையில் ஏற்கெனவே வர ஆரம்பித்திருந்த வருடம் அது. வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை.

நான் என் திரையில் எட்டுக் கணினிகளின் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் உறுத்தியது. ஒரு சின்னப் படம் கேட்கப்படும்போது ஏதோ ஒரு கணினிதான் அதைத் தந்தது. மற்ற ஏழும் எதையும் தரவில்லை. ஆனால் எட்டுமே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஒன்றும் தராதவர்களுக்கு என்ன அவ்வளவு வேலை?

என் உதடு அசைந்திருக்க வேண்டும். அக்கா திரும்பினார்.

"எல்லாரும் வாய மூடுங்க. பவா இன்னாவோ பாத்துட்டா."

"ஜெசிந்தா, இப்ப நேரம் இல்ல" என்றார் முதலாளி.

"சார், நீங்களும்தான்."

போன்கள் ஒலித்துக்கொண்டே இருந்தன, அக்கா எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளம் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் இது:

"சித்தப்பாங்க."

"என்னது?" என்றார் கார்த்திக்.

அக்கா சிரிக்கவில்லை. "சொல்லு" என்றார்.

சொன்னேன். சின்னப் படத்தைத் துண்டு போட எதுவுமில்லை. அது முழுசாக ஒரே கணினியில் அடங்கிவிடுகிறது. ஆனால் எல்லாக் கோப்புக்கும் எட்டு என்று நாம் வைத்திருக்கிறோம். அதனால் அந்தப் படத்தைத் தருவதற்கு முன், அது எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள எட்டுப் பேரிடமும் போய், 'உங்கிட்ட இதுல பங்கு இருக்கா' என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஏழு பேர் இல்லை என்கிறார்கள். ஆனாலும் எட்டுப் பேரும் சொல்லி முடித்தால்தான் படம் நகர்கிறது. பெரிய படத்துக்கு இந்தத் தாமதம் தெரியாது. நூற்றுக்கணக்கான சின்னப் படங்களுக்கு...

"ஒரு பொண்ணு வேலைக்குப் போவ எட்டு சித்தப்பாவ கேக்கற கத" என்றார் அக்கா மெதுவாக.

"ஆமாக்கா."

அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். பிறகு முதலாளியின் பக்கம் நாற்காலியோடு திரும்பினார். "சார், எட்டுன்னு போட்டது நான். தப்பு என்னுது. கண்டுபுடிச்சது இவ. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் கீது, போயி டீ சாப்ட்டு வாங்க."

சின்னப் படங்களுக்கு மட்டும் 'ஒன்று' என்று மாற்றினோம். ஏற்கெனவே ஏறியவை தானாக மாறாது. ஒவ்வொன்றையும் புதிதாகப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். அன்றைய கல்யாணங்களை முதலில் எடுத்தோம். நானும் கார்த்திக்கும் பிரதி எடுக்க, அக்கா போன்களை எடுத்தார். "அண்ணாத்தே, கொஞ்சம் பொறு, உன் பொண்ணு மாப்ள வந்துகினே கீறாங்க" என்று ஒருவரிடம். "மாலைய கயட்டறதுக்குள்ள வந்துடும், கத்தாத" என்று இன்னொருவரிடம். சாம்பல் கட்டங்கள் ஒவ்வொன்றாக முகங்களாயின. முதலில் ஒரு நலங்கு, பிறகு ஒரு முழு வரிசை, பிறகு விரலால் தள்ளத் தள்ள நிற்காமல் வந்தன. தாஸ் அண்ணன் அழைத்து, "இன்னாமே, இவ்ளோ சீக்கிரம் வருது? கொயந்தைக்கு இன்னும் பேரே வெக்கலியே" என்றார். அப்போதுதான் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார்.

வெளியே கொடுப்பதைப் பற்றி முதலாளி அதன் பிறகு பேசவில்லை. "ஆவணி முடியட்டும்" என்றார். ஆவணி முடிந்தது, ஐப்பசியும் தையும் வந்து போயின. எங்கள் அலுவலகத்தில் 'சித்தப்பா' ஒரு தொழில் சொல்லாகிவிட்டது. புதிதாக எதை வைப்பதானாலும் முதல் கேள்வி, "இதுக்குச் சித்தப்பாங்க வேணுமா?" என்பதுதான். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அக்காவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் பகல் சாப்பாட்டின்போது அவராகவே சொன்னார்:

"சித்தப்பாங்கள நான் கொற சொல்லலமே. கல்யாண வேலைன்னா எட்டு பேரும் வோணும், ஒருத்தர் கொறஞ்சாலும் ஆவாது. ஒரு டீ குடிக்கறதுக்கு எட்டு பேர் வோணாம். எது கல்யாணம் எது டீன்னு தெரிஞ்சாப் போதும்."

உடம்பு முடியாமல் போனதும் அவர் ஒரு காரியம் செய்தார். உங்களில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து என் எண்ணைக் கொடுத்தார். எனக்கு அதிர்ச்சி.

"எனக்குப் போன்ல பேச வராதுக்கா."

"நான் சோறு போடற ஆளு இல்ல பவா, எடம் காட்டற ஆளு. காட்டியாச்சு. நவுந்துக்கறேன்."

"எனக்கு உடனே பதில் சொல்ல வராது. கோச்சுக்குவாங்க."

"கோச்சுக்க மாட்டாங்க. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன். 'பவாகிட்ட கேட்டா லேட்டாதான் வரும், ஆனா கரீட்டா வரும். போன வெக்காம நில்லு'ன்னு."

அன்று நான் பேருந்தில் நின்றபோது தாஸ் அண்ணன் ஏன் போனை வைக்காமல் இருந்தார் என்பது எனக்குச் சவ அடக்கத்தின்போதுதான் விளங்கியது. கல்லறைத் தோட்டத்துக்கு நீங்கள் அத்தனை பேரும் வந்திருந்தீர்கள். கழுத்தில் கேமரா இல்லாமல் உங்களைப் பார்த்தது அதுவே முதல்முறை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றீர்கள். ஒவ்வொருவராக வந்து என்னிடம் பேர் சொன்னீர்கள். நான் பதில் சொல்லும்வரை நகராமல் நின்றீர்கள். ஒருவர்கூட என் வாக்கியத்தை முடிக்கவில்லை. இவ்வளவு பேரிடம் ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டு ஒருவர் போக முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

அவர் சிரிக்கும் அந்தப் படம் இன்னும் முதல் கோப்பாகவே இருக்கிறது. பெரிய படம் அது. யார் கேட்டாலும் எட்டும் சேர்ந்துதான் தருகின்றன. அதை மட்டும் நான் மாற்றப் போவதில்லை.

போன வாரம் முதலாளி என்னை அழைத்தார். அக்கா பார்த்த பொறுப்பை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவருக்கே பழக்கமில்லாத மாதிரி, பேனாவை உருட்டிக்கொண்டு காத்திருந்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல போனை எடுத்தார். "சித்தப்பாங்களயும் ஒரு வார்த்த கேட்டு..." என்றவர் பாதியில் நிறுத்தினார். அந்த ஆவணிக் கதையை அவருக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். போனைக் கவிழ்த்து வைத்தார். டிவியை அணைத்தார். என் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, "நீ சொல்லும்மா" என்றார்.

கேட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த இடைவெளிதான் அக்கா எனக்கு விட்டுச் சென்றது. அதில் எனக்கு இப்போது பயமில்லை. அன்று அப்பாவும் அதைத் தந்தார். நான் அவசரப்படவில்லை.

"ஏத்துக்கறேம்பா" என்றேன்.

"சரி" என்றார் அப்பா. "சித்தப்பாங்களுக்குக் காலைல தகவல் சொல்லிக்கலாம்."